சிராய்ப்புக்கு ஒரு சொல்

குருவைவிடச் சீடனுக்கு எட்டு வயது அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நரைத்த தாடியோடு ஒருவரையும் அவர் காலடியில் ஒரு பையனையும் நீங்களாகவே கற்பனை செய்துகொள்வீர்கள்.

சீடர் பெயர் குற்றாலலிங்கம் பிள்ளை. நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். நாற்பத்தெட்டு வயதில் செஷன்ஸ் கோர்ட்டுக்குத் துபாஷியாக வந்தார். ஜட்ஜ் துரைக்குத் தமிழ் தெரியாது, சாட்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. இருவருக்கும் நடுவில் நின்று ஒருவர் பேச்சை மற்றவர் பாஷையில் சொல்வதுதான் துபாஷியின் வேலை. பிள்ளைக்குத் தன் இங்கிலீஷின் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்றது மரியாதைக்காக.

குரு பெயர் ஞானாபரணம். அந்தக் கோர்ட்டின் தலைமைத் துபாஷி. கோர்ட்டுக்குள் நாளெல்லாம் பிறருக்காகப் பேசுவதாலோ என்னவோ, வெளியே வந்தால் வாயைத் திறப்பதே அபூர்வம்.

முதல் நாளன்று அவர் ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார்.

“கூண்டுக்குப் பக்கத்துல நிக்கும்போது உங்களுக்கு ‘நான்’ கிடையாது, பிள்ளைவாள்.”

“புரியலியே ஐயா.”

“சாட்சி ‘நான் பாத்தேன்’னு சொன்னா, நீங்களும் ‘நான் பாத்தேன்’னுதான் சொல்லணும். ‘அவர் பாத்தாராம்’ கிடையாது.”

“கொலைகாரன் ‘நான் வெட்டினேன்’னு சொன்னா?”

“நீங்களும் வெட்டினீய.”

“அவன் அழுதா?”

“அவன் அழுவான். உங்க குரல் உடையப்படாது. துபாஷி குரல் உடைஞ்சா, துரை சாட்சியை விட்டுட்டு உங்களைப் பாக்க ஆரம்பிச்சிருவார்.”

பிள்ளை இதை அப்படியே பிடித்துக்கொண்டார். சில மாதங்களில் அவர் எத்தனையோ பேராக இருந்துவிட்டார். திருடினார், வேலி தாண்டினார், தாலியறுத்த பெண்ணாக நின்று முறையிட்டார். குரல் ஒருமுறைகூட உடையவில்லை. ஞானாபரணம் தன் வேலை இல்லாத நேரங்களில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை, மோசம் என்றும் சொன்னதில்லை.

அப்போதுதான் தவசிமுத்துவின் வழக்கு வந்தது.

தவசிமுத்து செம்மணல் தேரிக்காட்டுப் பனையேறி. அவன் ஏறிய மரங்கள் வேலம்மை என்ற ஒரு விதவைக்குச் சொந்தம். அந்த அம்மாளை ஒரு நாள் பட்டப்பகலில் யாரோ கழுத்தை நெரித்துக் கொன்றுபோட்டார்கள். வளையல்கள் நொறுங்கிக் கிடந்தன. விரல் நகங்களில் ரத்தம். கடைசிவரை போராடியிருக்கிறாள், பாவம். அதற்கு முந்தின வாரம் தவசிமுத்துவுக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை நடந்ததை ஊரே கேட்டிருந்தது. போலீஸ் அவனைத் தேடிப் பிடித்தபோது பதினைந்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. உடம்பில் ஒரு தழும்பும் இல்லை.

ஆனால் கொலை நடந்த மறுநாள் காலையில் அவனைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார், கிராம முன்சீப். அவர் கூண்டில் ஏறிச் சொன்னார்:

“நெஞ்செல்லாம் சிராய்ப்பு. ரெண்டு கையிலயும் உள்பக்கம் சிராய்ப்பு. ரத்தம் கசிஞ்சுகிட்டு இருந்துச்சு.”

பிள்ளை ஒரு நொடிகூடத் தயங்காமல் இங்கிலீஷில் சொன்னார். சிராய்ப்பு என்ற இடத்தில் ‘ஸ்க்ராட்சஸ்’ என்றார்.

துரையின் பேனா அந்தச் சொல்லை எழுதியது. எழுதிவிட்டு அடியில் ஒரு கோடும் போட்டது. சர்க்கார் வக்கீல் வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர், தமிழ் இன்னும் பிடிபடாதவர். அடுத்த கேள்விக்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டு, திருப்தியாக உட்கார்ந்துவிட்டார்.

தமிழ் தெரிந்த ஒருவரும் அசையவில்லை. பனையேறிக்குச் சிராய்ப்பு இருந்தால் என்ன? கைதிக்காக சர்க்கார் ஏற்படுத்திக் கொடுத்த இளம் வக்கீலும் முன்சீப் சொன்ன தமிழைத்தான் கேட்டார். அதில் ஒன்றுமில்லை என்று குறுக்கு விசாரணைகூடச் செய்யாமல் விட்டுவிட்டார். கைதி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். ஒரே அறையில் அன்று இரண்டு வழக்கு நடந்தது, தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. தூக்குக் கயிறு இருந்தது இங்கிலீஷ் வழக்கில்.

சாயங்காலம் கோர்ட் கலைந்ததும் ஞானாபரணம் வாசலில் காத்திருந்தார். இருவரும் சேர்ந்து நடந்தார்கள். ஊர் எல்லை வந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

“பிள்ளைவாள், முன்சீப் சாட்சியில ஸ்க்ராட்சஸ்னு சொன்னியளே, அது எதுக்கு?”

“சிராய்ப்புக்கு.”

“ம்.”

அந்த ‘ம்’ பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. பரீட்சைத் தாளில் சிவப்பு மசி வைக்கும் இடத்தில் இருந்தே பழகியவர் அவர்.

“ஏன் ஐயா? கிரேஸ்னும் சொல்லலாம். ஸ்க்ரேப்னு சொன்னாலும் தப்பில்லை. எல்லாம் தோல்மேல படுத காயந்தானே? வெட்டுக்குத்து இல்லை, எலும்பு முறிவு இல்லை. ரெண்டு நாள் எண்ணெய் போட்டா ஆறிப்போகும். அந்தச் சின்னக் காயத்துக்குள்ள அப்படி என்ன பெரிய வித்தியாசம்?”

ஞானாபரணம் நின்றார்.

“கையைக் காட்டுங்க.”

பிள்ளை கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை நீட்டினார். ஞானாபரணம் அதைப் பிடித்தார். பிடித்த வேகத்தில் கட்டைவிரல் நகத்தை முழங்கையில் அழுத்தி, மணிக்கட்டு வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

“ஐயா!”

“கோட்டைக் கழத்துங்க.”

“என்னது?”

“சட்டையையும்.”

சாலையோரத்தில் ஒற்றைப் பனை ஒன்று நின்றது. அதன் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் கிடந்தது. அதை அவர் காட்டினார்.

“ஏறி நின்னு மரத்தைக் கட்டிப் பிடிங்க. நெஞ்சு பதியணும்.”

“என்ன விளையாட்டு இது? யாராவது பாத்தா? நான் இந்த ஊர்ல வாத்தியாரா இருந்தவன்!”

“நீங்க ஒரு கேள்வி கேட்டீய. பதில் வேண்டாம்னா வாங்க, போவோம்.”

பிள்ளை சாலையின் இரு பக்கமும் பார்த்தார். தூரத்தில் ஒரு மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. அது வளைவில் மறையும்வரை காத்திருந்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கல்லின்மேல் ஏறி, வாழ்நாளில் முதன்முறையாகப் பனைமரத்தைக் கட்டிப் பிடித்தார். அவர் தெருக்காரர் எவரும் செய்யத் துணியாத காரியம்.

ஞானாபரணம் கல்லைக் காலால் தள்ளிவிட்டார்.

பிள்ளை கத்திக்கொண்டே சறுக்கி மணலில் வந்து உட்கார்ந்தார். நெஞ்சு தீப்பிடித்த மாதிரி எரிந்தது. கோபத்தில் அவருக்கு வார்த்தை வரவில்லை. நல்ல வேளை, வந்திருந்தால் குரு சீடன் உறவு அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

ஞானாபரணம் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“கையைப் பாருங்க.”

மெல்லிய ஒற்றைக் கோடு. நகம் அழுந்திய இடத்தில் ஆழம், முடிந்த இடத்தில் லேசு. அங்கங்கே ரத்தம் புள்ளி வைத்திருந்தது.

“இப்ப நெஞ்சைப் பாருங்க.”

அங்கே கோடே இல்லை. உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சுருண்டிருந்தது. சதை சிவந்து, பரவலாக ரத்தம் வியர்த்திருந்தது.

“ரெண்டும் தோல்மேல பட்ட காயம். ரெண்டு நாள்ல ஆறிரும். இல்லையா?”

பிள்ளை தலையை ஆட்டினார்.

“கையில இருக்கிறதைச் செஞ்சது யாரு?”

“நீங்க.”

“நெஞ்சில இருக்கிறதை?”

“மரம்.”

“துரை எதை எழுதியிருக்கார்?”

குற்றாலலிங்கம் பிள்ளை கையைப் பார்த்தார். நெஞ்சைப் பார்த்தார். சர்க்கார் வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. செத்துப்போன அம்மாளின் நகங்கள் நினைவுக்கு வந்தன.

“ஐயா, நாளைக்கு நீங்க துரைகிட்ட எடுத்துச் சொல்லிருங்க. நீங்க தலைமைத் துபாஷி. உங்க சொல்லுக்கு மதிப்பு உண்டு.”

“அந்த வழக்குக்குச் சத்தியம் பண்ணினது நீங்க.”

“நான் சொன்னா என் வேலை போயிரும். போன வருஷம் ஒருத்தர், சாட்சி சொல்லாத ஒரு வார்த்தையைச் சேத்துட்டாருன்னு துரை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாராமே.”

“ஆமா.”

“இங்கிலீஷ் வாத்தியாருக்கே இங்கிலீஷ் தெரியலைன்னு ஊர் சிரிக்குமே, ஐயா.”

“சிரிக்கும்.”

ஞானாபரணம் சட்டையை எடுத்து மணலைத் தட்டிக் கொடுத்தார்.

வீட்டில் சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. மனைவி இசக்கியம்மாள் வெந்நீர் தொட்டுத் தொட்டு அதைப் பிரித்தாள். பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

“என்னங்க இது, பனையேறி நெஞ்சு மாதிரி சிராய்ச்சுக் கெடக்கு? எந்த மரத்துல சறுக்கினிய?”

பிள்ளை அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் கோர்ட் நிறைந்திருந்தது. சாட்சிகள் முடிந்துவிட்டார்கள். இனி துரை கைதியைச் சில கேள்விகள் கேட்பார், பிறகு வக்கீல்கள் பேசுவார்கள், பிறகு தீர்ப்பு. ஞானாபரணம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை கூண்டுக்குப் பக்கத்தில் தன் இடத்தில் போய் நின்றார்.

துரை குறிப்பைப் புரட்டி, கோடு போட்ட இடத்தில் விரலை வைத்தார். இங்கிலீஷில் கேட்டார்.

“கொலைக்கு மறுநாள் உன் மார்பிலும் கைகளிலும் ஸ்க்ராட்சஸ் இருந்தனவா? ஆம் அல்லது இல்லை, அவ்வளவு போதும்.”

எல்லோரும் துபாஷியைப் பார்த்தார்கள். இதை அவர் தமிழில் சொல்ல வேண்டும்.

‘சிராய்ப்பு இருந்ததா’ என்று கேட்கலாம். நேற்றைய தவறு அதோடு மூடிப்போகும், ஒரு குஞ்சுக்கும் தெரியாது. தவசிமுத்து ‘ஆமா சாமி’ என்பான். அந்த ஆமாவிலேயே அவன் கழுத்து தொங்கும்.

துரை கேட்டதைக் கேட்டபடியே, ‘நகக்கீறல் மாதிரி கீறல் இருந்ததா’ என்று கேட்கலாம். ‘இல்லை சாமி’ என்பான். சத்தியம் செய்த முன்சீப் ஆம் என்றதை இல்லை என்கிற பொய்யனாகிவிடுவான். அப்போதும் தொங்குவான்.

பிள்ளை இந்தப் பக்கமும் போக முடியாமல் அந்தப் பக்கமும் போக முடியாமல் நின்றார். துரை பேனாவால் மேஜையைத் தட்டினார். ஏதோ விபரீதம் என்று மிரண்டுபோன கைதி, “சாமி… சாமி…” என்று முனகினான். அதே நேரத்தில்தான் பிள்ளையின் வாய் திறந்தது.

“மை லார்ட், ஐ மேட் எ மிஸ்டேக்.”

நான் தவறு செய்துவிட்டேன்.

துரையின் பேனா ஓடியது. சர்க்கார் வக்கீல் துள்ளி எழுந்தார். குமாஸ்தாக்கள் தலையை நிமிர்த்தினார்கள். பிள்ளைக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அந்த இடத்தில் நின்றுகொண்டு மாதக்கணக்கில் அவர் சொன்ன ‘ஐ’ ஒன்றுகூட அவருடையது அல்ல. இன்று மட்டும் எப்படி அவருடையதாகும்? கைதி முனகினான், துபாஷி மொழிபெயர்த்தார். துரைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“கைதி தவறு செய்ததாக ஒப்புக்கொள்கிறான்,” என்றார் துரை. “என்ன தவறு?”

“நோ, மை லார்ட். ஐ! ஐ!”

“அதைத்தான் எழுதிக்கொண்டேன். என்ன தவறு என்று கேள்.”

தாள்களில் தலையைப் புதைத்திருந்த இளம் வக்கீல் எழுந்து ஏதோ ஆட்சேபித்தார். சர்க்கார் வக்கீல் அதைவிட உரக்கப் பேசினார். தவசிமுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது. பிள்ளை நான் என்று எத்தனை முறை கத்தினாலும் அது கைதியின் தலையில்தான் போய் விழும். அத்தனை வருஷம் படித்த இங்கிலீஷில் தன்னைச் சொல்ல ஒரு வார்த்தை அவருக்குக் கிடைக்கவில்லை.

கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். அது காலியாக இருந்தது.

ஞானாபரணம் நடுவழியில் நடந்து வந்துகொண்டிருந்தார். அவசரமில்லாமல் வந்து, கூண்டுக்குப் பக்கத்தில், பிள்ளையின் தோளோடு தோள் உரச நின்றார். துரையைப் பார்க்கவில்லை.

“இறங்குங்க,” என்றார்.

ஒரே ஒரு வார்த்தை. பிள்ளைக்கு அது போதும். துபாஷியின் இடத்தை விட்டு இறங்கினார். கூடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து, காலியாக இருந்த சாட்சிக் கூண்டின் கதவைத் திறந்து உள்ளே போய் நின்றார்.

ஞானாபரணம் அப்போதுதான் துரையிடம் பேசினார். இதுவரை சொன்னதெல்லாம் துபாஷியின் சொந்தச் சொல், கைதி ஒன்றும் சொல்லவில்லை, துபாஷி சத்தியம் செய்து சாட்சி சொல்ல விரும்புகிறார் என்றார். துரை நெடுநேரம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு சத்தியம் வாங்கச் சொன்னார்.

பிள்ளை வாயைத் திறந்தார். வந்தது தமிழ்.

“நேத்து முன்சீப் சிராய்ப்புன்னு சொன்னார். நான் அதைக் கீறல்னு மாத்திச் சொல்லிட்டேன். என் தப்பு.”

துரையின் புருவம் ஏறியது. இவ்வளவு இங்கிலீஷ் தெரிந்தவனுக்குத் துபாஷி எதற்கு என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஞானாபரணம் சொல்லத் தொடங்கிவிட்டார். நேற்று முன்சீப் சொன்னது கிரேஸ், நான் அதை ஸ்க்ராட்ச் என்று மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றார். அடுத்து, ‘தி ஃபால்ட் இஸ் மைன்’ என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. பிள்ளைக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கும்.

சர்க்கார் வக்கீல் விடுவாரா?

“நேற்று ஸ்க்ராட்ச், இன்று கிரேஸ். ஒரு ராத்திரிக்குள் உம்மை யார் வந்து பார்த்தார்கள்?”

“யாரும் பாக்கலை.”

“இரண்டும் தோலில் படும் சின்னக் காயம். இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?”

தான் நேற்றுக் கேட்ட கேள்வியே திரும்பி வந்து முகத்தில் அறைந்தது. பிள்ளை கோட்டைக் கழற்றிக் கூண்டின்மேல் போட்டார். சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். கூடத்தில் சலசலப்பு எழுந்தது. டவாலிச் சேவகன் தடுக்க ஓடி வந்தான். துரை கையை உயர்த்தி அவனை நிறுத்தினார்.

பிள்ளை வெற்று மார்போடு, வலது கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவரிடம் படித்த பையன்கள் சிலர் அன்று குமாஸ்தாக்களாக அங்கே இருந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

துரை முன்சீப்பை மறுபடியும் அழைத்தார்.

“இந்த மனிதரின் கையைப் பார். மார்பையும் பார். அன்று நீ கைதியிடம் பார்த்தது எந்தக் காயம்?”

முன்சீப் கிட்டே வந்து குனிந்தார். நெஞ்சைக் காட்டினார்.

“இதான் துரைகளே, இதேதான். பனையில சறுக்கினா இப்படித்தான் சிராய்க்கும். அன்னிக்கு அவன் கால்ல போட்டிருந்த தளை அத்துப்போய், பாதி மரத்துலேர்ந்து சறுக்கிட்டான்னு ஊரே பேசிக்கிட்டுச்சே.”

“இதை ஏன் நேற்றுச் சொல்லவில்லை?”

“சிராய்ப்புன்னு சொன்னேனே துரைகளே. அதுக்குமேல யாரும் கேக்கலியே.”

ஞானாபரணம் இதையும் இங்கிலீஷில் சொன்னார். இந்த முறை குரல் தெளிவாக இருந்தது. துரை குறிப்பில் கோடு போட்டிருந்த சொல்லை அடித்தார். அந்தப் பேனாச் சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டதாகச் சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

அந்தச் சொல் போனதும் வழக்கில் வாய்ச்சண்டையைத் தவிர மிச்சம் ஒன்றுமில்லை. வார முடிவில் தவசிமுத்துவை விடுதலை செய்தார்கள். வேலம்மையை யார் கொன்றார்கள் என்பது இன்றுவரை தெரியாது. எந்த மனிதன் கொன்றான் என்பது தெரியாமல் போனது துக்கம்தான். ஆனால் ஒரு மரம் செய்ததற்காக ஒரு மனிதன் தொங்கவில்லை.

தீர்ப்புச் சொன்ன கையோடு துரை குற்றாலலிங்கம் பிள்ளையையும் கூப்பிட்டனுப்பினார். கோபமாகப் பேசவில்லை. சொன்ன சொல்லைத் தோலை உரித்துக் காட்டித்தான் சரிபார்க்க வேண்டுமென்றால் அப்படிப்பட்ட துபாஷியைக் கோர்ட் வைத்துக்கொள்ள முடியாது என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம்.

பிள்ளை கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். ஞானாபரணம் வாசலில் காத்திருந்தார். வழக்கம்போல இருவரும் சேர்ந்து நடந்தார்கள்.

“வேலை போயிருச்சு, ஐயா.”

“தெரியும்.”

ஒற்றைப் பனை வந்தது. கல் இன்னும் புரண்டே கிடந்தது. அங்கே தவசிமுத்து அவர்களுக்காக நின்றுகொண்டிருந்தான். யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் பார்த்துக் கும்பிட்டான். பிறகு தேரிப் பக்கமாகப் போய்விட்டான். அவன் தலை மறையும்வரை பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதை மறைக்கவும் இல்லை.

“ஐயா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க.”

“அன்னிக்கு நான் கூண்டுல நின்னு ‘என் தப்பு’ன்னு சொன்னேன். அதை நீங்க இங்கிலீஷில சொல்லும்போது உங்க குரல் உடைஞ்சுது.”

ஞானாபரணம் பனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“துபாஷி குரல் உடையப்படாதுன்னு சொல்லிக்கொடுத்ததே நீங்கதான். அது என் வார்த்தை. உங்களுக்கு அந்த இடத்துல ‘நான்’ கிடையாதே, ஐயா?”

ஞானாபரணம் குனிந்து, புரண்டு கிடந்த கல்லை மரத்தடிக்கே திரும்ப நகர்த்தி வைத்தார். கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டார்.

“அதுக்கு முந்தின நாள் நீங்க அந்தச் சொல்லைச் சொன்னப்போ நான் கடைசி பெஞ்சிலதான் இருந்தேன், பிள்ளைவாள். எந்திரிக்கலை.”